எம்.ஆர்.எஸ்.ஏ. எலும்புத் தொற்றுக்கு வான்கோமைசின் நானோதுகள்: மருந்து துகளுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது

மருந்தாக்கம்_முதுகலை:

வணக்கம். நாள்பட்ட ஆஸ்டியோமைலைட்டிஸில் (எலும்புத் தொற்று) டீப்ரைட்மென்ட், அதாவது செத்த திசுவை வெட்டி எடுப்பது, முடிந்தபின் எலும்புக் குழிக்குள் வைக்கும்படியாக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் நானோதுகள் ஒன்றைச் செய்ய முயல்கிறேன். இலக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு மடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா). இப்போதைய செய்முறை இதுதான்:

கைட்டோசான் (இயற்கைப் பாலிமர்) 2 மி.கி./மி.லி., 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து பி.எச். 4.8க்குக் கொண்டுவந்தது, 10 மி.லி. அதில் வான்கோமைசின் 10 மி.கி. டி.பி.பி. (சோடியம் ட்ரைபாலிஃபாஸ்பேட்) 1 மி.கி./மி.லி. கரைசல் 4 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக, நிமிடத்துக்கு 700 சுழற்சியில் கலக்கியபடி சேர்க்கிறேன். கரைசல் பால் கலங்கினாற்போல் ஆகிறது.

கிடைப்பது: அளவு 210 நானோமீட்டர், ஜீட்டா (துகள் பரப்பின் மின்னழுத்தம்) +31 மில்லிவோல்ட். ஆனால் மருந்து அடைபடும் விகிதம் 14% மட்டுமே. பாஸ்பேட் பஃபரில் (பி.எச். 7.4) போட்டால் 6 மணி நேரத்தில் 70% வெளியே வந்துவிடுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் துகள்களும் அடியில் படிகின்றன. அகாரில் குழி போட்டுப் பார்த்ததில் வெறும் வான்கோமைசினுக்கு 18 மி.மீ. தடுப்பு வளையம் (பாக்டீரியா வளராத வட்டம்), துகளுக்கு 11 மி.மீ.

வெள்ளி நானோதுகளையும் சேர்த்தால் சரியாகும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. என் கேள்விகள்: அடைபடும் விகிதத்தை எப்படிக் கூட்டுவது? வளையம் சிறிதாக இருப்பதால் துகள் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாமா? வெள்ளி தேவையா? விலங்குச் சோதனைக்கு முன் வேறு எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

---

துகளியல்:

வணக்கம். 14% வந்ததில் வியப்பே இல்லை. வான்கோமைசினின் கார்பாக்சில் தொகுதிக்கு பி.கே.ஏ. (அதன் ஏற்றம் பாதியாகும் பி.எச்.) 3க்குக் கீழே, இரண்டு அமீன்களுக்கும் 8, 9 ஒட்டி. ஆகவே பி.எச். 4.8ல் அந்த மூலக்கூறு மொத்தத்தில் நேர்மின் ஏற்றம் கொண்டது. கைட்டோசானும் நேர்மின். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. டி.பி.பி. வந்து கைட்டோசானைச் சுருக்கும்போது அந்த நேரத்தில் உள்ளே இருந்த நீரோடு சிக்கிய மருந்துதான் உங்கள் 14%. அதிலும் பெரும்பகுதி துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது. பஃபரின் உப்பு பட்டவுடன் அது கழன்றுவிடும். 6 மணி நேரத்தில் 70% போவதற்கு அதுவே காரணம்.

படிவதற்குக் காரணம் வேறு. கைட்டோசானின் பி.கே.ஏ. ஏறத்தாழ 6.5. பி.எச். 7.4ல் அதன் அமீன்கள் பெரும்பாலும் ஏற்றம் இழந்துவிடுகின்றன. +31 என்று நீங்கள் அளந்தது அமிலநிலையில் இருந்த துகளை. உடலுக்குள் போகப்போவது அந்தத் துகள் அல்ல. ஜீட்டாவை 10 மில்லிமோலார் உப்பில், பி.எச். 7.4ல் ஒருமுறை அளந்து பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி வரும்.

கைட்டோசானை விட மனமில்லையென்றால் மருந்துக்கு எதிர்மின் துணை ஒன்று கொடுங்கள். டெக்ஸ்ட்ரான் சல்பேட், ஹயலூரானிக் அமிலம், ஆல்ஜினேட் இவற்றில் ஏதாவது ஒன்றோடு வான்கோமைசினை முதலில் பிணைத்து, பிறகு கைட்டோசானை மேலே சுற்றலாம். எதிர்மின் பாலிமரைக் குறைவான அளவிலிருந்து படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். ஏற்றங்கள் சமமாகும் புள்ளியில் திரிதிரியாகத் திரண்டுவிடும், அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: துகளை உறுதிப்படுத்த ஜெனிபினோ குளூட்டரால்டிஹைடோ சேர்க்கத் தோன்றும். இரண்டும் அமீனைத் தேடிப் பிடிப்பவை. வான்கோமைசினிலும் அமீன் உண்டு. மருந்து உள்ளே இருக்கும்போது குறுக்குப்பிணைப்புச் செய்தால் அடைபடும் விகிதம் அற்புதமாகத் தெரியும், ஆனால் அந்த மருந்து திரும்பி வராது.

என் பரிந்துரை பி.எல்.ஜி.ஏ. என்ற, உடலில் கரையும் பாலிமர், இரட்டை எமல்ஷன் முறை (மருந்து நீர்த்துளி பாலிமர்க் கரைசலுக்குள், அது மறுபடி நீருக்குள்). 50:50 விகிதம், முனை அமிலமாக விடப்பட்ட வகை (எஸ்டர் முனை வேண்டாம், அமில முனை வான்கோமைசினின் அமீனைப் பிடித்துக்கொள்ளும்). 100 மி.கி. பாலிமரை 2 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரையுங்கள். வான்கோமைசின் 20 மி.கி.யை 0.2 மி.லி. நீரில் கரைத்து அதில் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்தே புரோப் சோனிகேட்டரில் 30 விநாடி. உடனே 2% பி.வி.ஏ. (துளிகள் ஒட்டாமல் காக்கும் பாலிவினைல் ஆல்கஹால்) கரைசல் 8 மி.லி.யில் ஊற்றி, விட்டுவிட்டு மொத்தம் 60 விநாடி. பிறகு 0.3% பி.வி.ஏ. 40 மி.லி.யில் கொட்டி, ஃப்யூம் ஹூடுக்குள் 3 மணி நேரம் மெதுவாகக் கலக்கினால் கரைப்பான் ஆவியாகிவிடும். 15,000 ஜி-யில் 4° செல்சியசில் 30 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ், குளிர்ந்த நீரில் மூன்று கழுவல், 5% ட்ரெஹலோஸில் கலந்து உறையுலர்த்தல்.

இதிலும் மருந்து ஒழுகும் இடங்கள் உண்டு. பெரிய ஓட்டை சவ்வூடு அழுத்தம். உள்துளியில் 100 மி.கி./மி.லி. வான்கோமைசின் ஹைட்ரோகுளோரைடு என்றால் சுமார் 135 மில்லிஆஸ்மோல். வெளியே வெறும் நீர். பாலிமர் இறுகுவதற்குள் நீர் உள்ளே புகுந்து, துளி வீங்கி, வெளிநீரோடு ஒரு வாய்க்கால் திறந்துகொள்ளும். வெளி பி.வி.ஏ. கரைசலில் 0.4% சோடியம் குளோரைடு சேர்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமன். அதோடு வெளிநீரின் பி.எச்.ஐ 7.5 முதல் 8 வரை வையுங்கள். வான்கோமைசினின் சமமின் புள்ளி அந்தப் பக்கம்தான், அங்கே அதன் கரைதிறன் குறைவு, வெளியேற அவசரப்படாது. முதல் சோனிகேஷனுக்கும் இரண்டாவதற்கும் இடையே காத்திருக்கக் கூடாது. முதல் எமல்ஷன் நிலையற்றது, சில நிமிடங்களிலேயே உள்துளிகள் ஒன்றுசேரும்.

அளவிடும் முறையையும் சொல்லுங்களேன். மேலே தெளிந்த நீரில் மிச்ச மருந்தை 280 நானோமீட்டரில் அளந்து கழிக்கிறீர்கள் என்றால், படியாமல் மிதக்கும் சிறு துகள்களும் ஒளியைச் சிதறடித்து மிச்ச மருந்தாகக் கணக்கில் சேரும். கழுவிய நீரை அளக்காமல் விட்டால் பிழை எதிர்த்திசையில் போகும். துகளைக் கரைத்து நேரடியாகவும் ஹெச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். உள்ளே இருப்பது, வெளியே இருப்பது, கழுவலில் போனது மூன்றையும் கூட்டினால் போட்ட மருந்தில் 90 சதவீதமாவது வர வேண்டும்.

இனி ஒரு கணக்கு. இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். உங்கள் தற்போதைய துகளில் 10 மி.கி. மருந்தில் 1.4 மி.கி. உள்ளே, திடப்பொருள் மொத்தம் சுமார் 25 மி.கி. அதாவது எடையில் 5.5% மருந்து. அறுவை அரங்கில் 10 மி.லி. கால்சியம் சல்பேட் மணிகளில் 1 கிராம் வான்கோமைசினைக் கலப்பது வழக்கம். அதே 1 கிராமை உங்கள் துகளால் கொடுக்க 18 கிராம் துகள் வேண்டும். எலும்புக் குழிக்குள் மருந்தின் அளவைக் கூட்டும் போட்டியில் நானோதுகள் ஒருநாளும் ஜெயிக்காது. வெறும் மருந்தால் போக முடியாத இடத்துக்கு, முக்கியமாகச் செல்லுக்குள், அதைக் கொண்டுபோவதில் மட்டுமே அதற்கு வேலை. உங்கள் ஆய்வின் கேள்வியே அதைச் சுற்றி அமையட்டும்.

---

நுண்ணுயிர்_மேசை:

மேலே சொன்ன கணக்கை அப்படியே வழிமொழிகிறேன். சோதனைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் நல்ல துகளைத் தோற்கடிக்கும் தவறான சோதனையும், தவறான துகளுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் சோதனையும் இரண்டும் நடக்கின்றன.

தடுப்பு வளையத்தை முதலில் மறந்துவிடுங்கள். வான்கோமைசின் மூலக்கூறு எடை 1,449. அதுவே அகாரில் தள்ளாடித்தான் பரவுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசினின் உணர்திறனை டிஸ்க் முறையில் தீர்மானிக்கக் கூடாது என்பது மருத்துவ ஆய்வகங்களின் விதி. 210 நானோமீட்டர் துகள் குழியை விட்டு நகரவே நகராது. உங்கள் 11 மி.மீ. என்பது துகளிலிருந்து கழன்ற மருந்து எவ்வளவு என்பதை மட்டுமே காட்டுகிறது. துகளின் திறனை அது காட்டவில்லை.

நுண்கிணற்றுத் தட்டில் நீர்த்தல் முறைக்குப் போங்கள்: ஒரு மி.லி.க்கு காலனி உருவாக்கும் 5 லட்சம் உயிரிகள், 35° செல்சியஸ், வான்கோமைசினுக்கு முழுதாக 24 மணி நேரம். ஆனால் பாக்டீரியாவை வளர்க்கும் முல்லர்-ஹின்டன் குழம்பின் பி.எச். 7.3ஐ ஒட்டியது. கைட்டோசான் துகள் அதில் கலங்கும், அந்தக் கலங்கலை 600 நானோமீட்டரில் வாசிக்கும் கருவி பாக்டீரியா வளர்ச்சி என்று எண்ணிக்கொள்ளும். கண்ணையும் கருவியையும் நம்பாமல் தட்டில் பரப்பிக் காலனி எண்ணுங்கள். இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு: சரியாகக் கழுவாத கைட்டோசான் துகளில் மிச்சமிருக்கும் அசிட்டிக் அமிலமே பாக்டீரியாவைக் கொல்லும். மருந்தில்லாத வெற்றுத் துகள், வெறும் மருந்து, வெற்றுத் துகள் கூட்டல் வெறும் மருந்து, மருந்தேற்றிய துகள் என்று நான்கும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டுச் செய்பவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் மருந்தைத் துகளுக்குள் அடைத்ததால் கிடைத்த பயன் என்ன என்று சொல்லவே வழியில்லை.

காலனி எண்ணும்போது துகளும் சேர்ந்து தட்டுக்குப் போகிறது, அங்கேயும் மருந்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. பூஜ்யக் காலனி என்று நீங்கள் எழுதும் முடிவு தட்டின் மேல் நடந்த கொலையாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: சுமார் 1,000 உயிரிகள் உள்ள மாதிரியில் துகளைக் கலந்து அடுத்த கணமே தட்டில் பரப்புங்கள். எண்ணிக்கை குறைந்தால் கடத்தல் பிழை இருக்கிறது. பாக்டீரியாவை மெல்லிய வேகத்தில் படியவைத்துக் கழுவுவது, நீர்த்தலை அதிகமாக்குவது இரண்டும் உதவும். வெள்ளி சேர்த்தால் சோடியம் தயோகிளைகோலேட் போன்ற நடுநிலையாக்கி கட்டாயம்.

இனி பாக்டீரியா வகை. உங்கள் தலைப்பில் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மருந்தெதிர்ப்பு உள்ள பாக்டீரியா, என்று இருக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ.வின் மெக்-ஏ மரபணு தருவது பீட்டா-லாக்டம்களுக்கான எதிர்ப்பு. வான்கோமைசினுக்கு அது பொதுவாக உணர்திறன் உள்ளதே. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு 2 மைக்ரோகிராம்/மி.லி. வரை உணர்திறன், 4 முதல் 8 வரை இடைநிலை, 16ம் அதற்கு மேலும் எதிர்ப்பு. அப்படியானால் எலும்பில் வான்கோமைசின் தோற்பது மரபணுவால் அல்ல, இருப்பிடத்தால். பயோஃபிலிமுக்குள் (பாக்டீரியா பரப்பில் ஒட்டி உருவாக்கும் படலம்) இருக்கும் அதே பாக்டீரியாவைக் கொல்ல மிதக்கும் நிலையில் தேவைப்படுவதைப்போல் நூறு, சில நேரம் ஆயிரம் மடங்கு செறிவு வேண்டியிருக்கும். இது சகிப்பு, எதிர்ப்பு அல்ல. கட்டுரையில் இரண்டையும் குழப்பினால் முதல் மதிப்பாய்விலேயே திரும்பி வரும். ஆஸ்டியோமைலைட்டிஸ் ஆய்வில் அடிக்கடி வரும் யூ.ஏ.எம்.எஸ்.-1 என்ற வகை நோயாளியின் எலும்பிலிருந்து எடுத்ததுதான், ஆனால் அது மெத்திசிலினுக்கு உணர்திறன் உள்ளது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அதைப் போட்டுவிடாதீர்கள், யூ.எஸ்.ஏ.300 என்ற எம்.ஆர்.எஸ்.ஏ. வம்சத்து வகை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயோஃபிலிமைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பதைவிட ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பின் கனிமம்) வட்டுகளில் வளர்ப்பது நல்லது. 20% மனித பிளாஸ்மாவில் வட்டை இரவு முழுக்க ஊறவைத்தால் பாக்டீரியா உண்மையில் சந்திக்கும் மேற்பரப்பை ஒட்டி இருக்கும். 24 மணி நேரப் படலம் இளசு. அதைக் கொன்றுவிட்டுப் பெருமைப்பட வேண்டாம். குழம்பைத் தினமும் மாற்றி 72 மணி நேரமாவது வளர்த்த படலத்தில் சோதியுங்கள். கிறிஸ்டல் வயலட் சாயம் செத்ததையும் உயிருள்ளதையும் ஒன்றாகவே நிறமேற்றும், அதை மட்டும் வைத்து முடிவு எழுத வேண்டாம். வட்டைக் கழுவி, நீர்த்தொட்டி சோனிகேட்டரில் 5 நிமிடம் வைத்து, வோர்டெக்ஸ் செய்து காலனி எண்ணுங்கள். அந்த 5 நிமிடம் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை என்பதற்கு ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும்.

தட்டுகளை 24 மணி நேரத்தில் எண்ணிவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். எலும்புத் தொற்று திரும்பத் திரும்ப வருவதில் சிறுகாலனி வகைகளுக்குப் பெரிய பங்குண்டு. அவை மெதுவாக வளரும். 72 மணி நேரத்தில்தான் ஊசிமுனை அளவில், பொன்னிறம் இல்லாமல், வெளிறித் தெரியும். அவற்றின் சவ்வு மின்னழுத்தம் குறைவு என்பதால் ஜென்டாமைசின் உள்ளே ஏறாது. பின்னால் ஜென்டாமைசின் துகளுக்கு மாறும் எண்ணம் இருந்தால் நீங்களே இவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் அபாயம் இருக்கிறது.

வெள்ளி பற்றி: என் கருத்து வேண்டாம் என்பதே. கொல்வது பெரும்பாலும் வெள்ளி அயனி. உடல் திரவத்தில் குளோரைடு அதை வெள்ளி குளோரைடாகப் படியவைக்கும், புரதங்களின் தயோல் (கந்தகம் உள்ள) தொகுதி மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சீரம் இல்லாத குழம்பில் கிடைத்த அழகான எண் சீரத்தில் கரைந்துபோகும். அளவை ஏற்றினால் பாக்டீரியாவைக் கொல்லும் செறிவும் ஆஸ்டியோபிளாஸ்ட் (எலும்பை உருவாக்கும்) செல்லைக் கெடுக்கும் செறிவும் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிடுகின்றன. புதிய எலும்பு முளைக்க வேண்டிய குழியில் அந்த இடைவெளி போதாது. ஏற்கனவே இரண்டு கோளாறு உள்ள துகளில் மூன்றாவது மாறியைச் சேர்த்தால் எது எதனால் என்று பிரிக்கவும் முடியாது.

---

எலும்பு_அறுவை:

இரண்டு பதில்களும் நன்றாக இருக்கின்றன. அறுவை மேசையிலிருந்து சில நிபந்தனைகளைச் சேர்க்கிறேன்.

எந்தத் துகளும் டீப்ரைட்மென்டுக்கு மாற்று ஆகாது. சீக்வெஸ்ட்ரம், அதாவது இரத்த ஓட்டம் அற்றுச் செத்துப்போன எலும்புத் துண்டு, உள்ளே இருக்கும்வரை பாக்டீரியாவுக்கு அது வீடு. வெட்டும் பரப்பில் புள்ளிபுள்ளியாக இரத்தம் கசியும்வரை எடுக்கிறோம். அதன்பிறகும் மிஞ்சுவது மூன்று இடங்களில்: கண்ணுக்குத் தெரியாமல் விட்டுப்போன படலத் திட்டுகள், ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களின் உள்ளே, ஆஸ்டியோசைட்டுகளை (எலும்புக்குள் வாழும் செல்கள்) இணைக்கும் நுண்கால்வாய்களில். ஸ்டாஃப் ஆரியஸ் தன் உருண்டை வடிவத்தையே நசுக்கிக்கொண்டு இந்தக் கால்வாய்களுக்குள் போகிறது. கால்வாயின் விட்டம் சில நூறு நானோமீட்டர்தான், அதற்குள்ளும் உயிருள்ள எலும்பில் செல்லின் கிளை ஓடுகிறது; மீதி இடைவெளி சில பத்து நானோமீட்டர். ஆகவே 200 நானோமீட்டர் துகள் கால்வாய்க்குள் புகும் என்று கட்டுரையில் எழுதாதீர்கள். அது வாசலில் உட்கார்ந்து மருந்தை உள்ளே விட முடியும், அவ்வளவே. செல்லுக்குள் போவது மட்டும் நடக்கக்கூடியது. படலத் திட்டுக்கு உள்ளூர் செறிவு உயர்ந்தாலே ஓரளவு பலன்.

சிரை வழி கொடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு, இருநூறு நானோமீட்டர் துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதி வாரிக்கொள்ளும். எலும்பில் ஒட்டும் அலெண்ட்ரோனேட்டையோ ஆஸ்பார்ட்டிக் அமிலச் சங்கிலியையோ ஒட்டினால் எலும்பைத் தேடிப் போகும் என்பது உண்மை. ஆனால் அது தேடிப் போவது நல்ல எலும்பையும் சேர்த்துத்தான், மேலும் இரத்தம் போகாத இடத்துக்கு எந்த முகவரி எழுதினாலும் அது போகாது. நாள்பட்ட தொற்றில் உள்ளூர் வழியே சரி.

அடுத்து, கையாளுதல். துகளைத் திரவமாக ஊற்றினால் வடிகுழாய் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஏதாவது தாங்கி வேண்டும். பி.எம்.எம்.ஏ. எலும்புச் சிமென்டில் கலக்கும் எண்ணம் இருந்தால்: இறுகும்போது 70-80 டிகிரி வரை சூடேறும், பி.எல்.ஜி.ஏ.வின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை 45-50 டிகிரி. துகள் உருகி ஒட்டிப்போகும். சிமென்டுக்குள் புதைந்த மருந்தில் பெரும்பகுதி கடைசிவரை வெளியே வருவதும் இல்லை, பிறகு அதை எடுக்க இன்னொரு அறுவை. கால்சியம் சல்பேட் நல்ல தாங்கி. வாரக்கணக்கில் தானாகக் கரையும். ஆனால் நீரோட்டமான காயக் கசிவு அதனோடு வரும், அளவு கூடினால் இரத்தக் கால்சியம் ஏறும். துகள் கலந்தபின் அது இறுகும் நேரம் மாறுகிறதா என்று பாருங்கள். ட்ரெஹலோஸ் சர்க்கரையும் மிச்ச பி.வி.ஏ.யும் படிகமாவதைத் தாமதப்படுத்தக்கூடும். 5 நிமிடத்தில் இறுக வேண்டியது 30 நிமிடம் குழைவாகவே கிடந்தால் மேசையில் பயன்படாது. ஹைட்ரோஜெல் என்றால் வீக்க விகிதத்தை அளந்து சொல்லுங்கள். மூடிய எலும்புக் குழிக்குள் வீங்கும் பொருளை வைக்க யாரும் துணிய மாட்டார்கள்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று: கரையாத துகள் எங்கே போகும்? செயற்கை மூட்டுகள் தளர்வதற்குப் பெரிய காரணம், தேய்ந்து உதிரும் பாலிஎத்திலீன், சிமென்ட் துகள்களை மேக்ரோபேஜ் (அந்நியப் பொருளை விழுங்கும் செல்) விழுங்கி, அழற்சி கிளம்பி, ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பை அரிப்பது. அந்தத் துகள்களில் அதிகம் தொல்லை தருபவை ஒரு மைக்ரான், அதற்கும் கீழே உள்ளவை. மெதுவாகக் கரைந்தோ கரையாமலோ கிடக்கும் துகள் எதை எலும்புக்குள் வைப்பதானாலும் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் வேண்டும். வெற்றுத் துகளை மேக்ரோபேஜோடு வளர்த்து டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தின் அளவாவது பாருங்கள். பி.எல்.ஜி.ஏ. கரைந்துவிடும் என்பது அதற்குச் சாதகம். ஆனால் கிராம் கணக்கில் வைத்தால் லாக்டிக், கிளைக்காலிக் அமிலம் ஒரே இடத்தில் தேங்கிப் பி.எச். இறங்கும், அதுவும் எலும்புக்கு ஆகாது.

விலங்குச் சோதனையில் ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறேன். பாக்டீரியாவையும் துகளையும் ஒரே நாளில் எலும்புக்குள் வைத்துவிட்டுச் சிகிச்சை பலித்தது என்று எழுதும் ஆய்வுகள் ஏராளம். அது தடுப்பு, சிகிச்சை அல்ல. பாக்டீரியாவைச் செலுத்தி, குறைந்தது இரண்டு மூன்று வாரம் விட்டு, எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பும் செத்த துண்டும் தெரிந்தபின் டீப்ரைட்மென்ட் செய்து, அதற்குப்பிறகு துகளை வையுங்கள். டீப்ரைட்மென்ட் மட்டும் செய்த குழு ஒன்று, அதே தாங்கியில் அதே எடை வெறும் மருந்து வைத்த குழு ஒன்று கட்டாயம். இரண்டாவது குழுவைத் துகள் வெல்லாவிட்டால் துகளுக்கு வேலை இல்லை. எலும்பை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்யும் நாளில் துகள் இன்னும் மருந்து விட்டுக்கொண்டிருந்தால் பொய்யாகச் சுத்தம் என்று காட்டும். வெளியேற்றம் ஓய்ந்து இரண்டு வாரமாவது கழித்து எடுங்கள். மிஞ்சிய பாக்டீரியா மறுபடி முளைக்க அவகாசம் கொடுங்கள்.

---

மருந்தாக்கம்_முதுகலை:

மூவருக்கும் நன்றி. வெள்ளியை விட்டுவிடுகிறேன். பி.எல்.ஜி.ஏ.வுக்கு மாறி, செல்லுக்குள் இருக்கும் பாக்டீரியாவையே முதன்மை இலக்காக வைக்கிறேன். இரண்டு சந்தேகம். வெளியேற்றச் சோதனைக்கு டயாலிசிஸ் பை சரியா? செல்லுக்குள் சோதனையில் வெளியே உள்ள பாக்டீரியாவைக் கொல்ல ஜென்டாமைசின் போடச் சொல்கிறார்கள், அது போதுமா? துகளைக் கிருமிநீக்கம் செய்வதும் எப்படி என்று தெரியவில்லை.

---

நுண்ணுயிர்_மேசை:

ஜென்டாமைசின் போடுவதற்கு முன் உங்கள் எம்.ஆர்.எஸ்.ஏ. வகை ஜென்டாமைசினுக்கு மடங்குமா என்று பாருங்கள். பல வகைகள் மடங்காது. அப்போது வெளியே உயிரோடு இருப்பதையெல்லாம் உள்ளே இருப்பதாக எண்ணிவிடுவீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸின் சுவரை உடைக்கும் லைசோஸ்டாஃபின் என்சைம் 20 மைக்ரோகிராம்/மி.லி., ஒரு மணி நேரம், நம்பகமானது. செல்லுக்குள் அது போகாது. வரிசை: ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களை ஆன்டிபயாடிக் இல்லாத ஊடகத்தில் வளர்த்து, ஒரு செல்லுக்கு 50 பாக்டீரியா வீதம் 2 மணி நேரம், கழுவல், லைசோஸ்டாஃபின், கழுவல். கடைசியாகக் கழுவிய நீரைத் தட்டில் பரப்பி அதில் காலனி வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு துகள், 24 மணி நேரம். 0.1% ட்ரைட்டான் எக்ஸ்-100ல் செல்லை உடைத்து எண்ணுங்கள். அதே நேரத்தில் எத்தனை ஆஸ்டியோபிளாஸ்ட் உயிரோடு இருந்தது என்ற எண்ணும் வேண்டும். செல் செத்து உதிர்ந்தாலும் உள்ளே இருந்த பாக்டீரியா கழுவலில் போய் எண்ணிக்கை குறையும், அது மருந்தின் வெற்றி ஆகாது. செல் உயிரோடு இருப்பதை நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சாயத்தைத் துகளே நேரடியாகக் குறைக்கிறதா என்று செல் இல்லாத கிணற்றில் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

வான்கோமைசின் உள்ளே போனாலும் துகளோடு லைசோசோமில் (செல்லின் செரிமானப் பை) மாட்டிக்கொள்ளும். ஸ்டாஃப் ஆரியஸில் ஒரு பகுதி அங்கிருந்து தப்பி சைட்டோபிளாசத்தில் இருக்கும். அதனால் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் துணைக்குச் சேர்க்கலாமா என்று யோசியுங்கள்; அது தானாகவே சவ்வுகளைத் தாண்டும். தனியாக மட்டும் வேண்டாம். ஆர்.பி.ஓ.-பி மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் போதும், எதிர்ப்பு வந்துவிடும். இரண்டு மருந்தின் வெளியேற்றமும் ஏறத்தாழ ஒரே காலம் நீடிக்க வேண்டும். வான்கோமைசின் முதலில் தீர்ந்து ரிஃபாம்பிசின் தனியே கசிந்துகொண்டிருந்தால் எதிர்ப்பை வளர்ப்பதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

---

துகளியல்:

டயாலிசிஸ் பை போடலாம், ஆனால் பையே வான்கோமைசினைத் தாமதப்படுத்தும். வெறும் மருந்தை அதே பையில் போட்டு ஒரு வளைகோடு எடுங்கள். 12-14 கிலோடால்டன் வெட்டளவுக்குக் குறைந்த சவ்வு வேண்டாம். வெறும் மருந்து வெளியேறவே 4 மணி நேரம் ஆனால், துகளின் முதல் 4 மணி நேர எண்களுக்குப் பொருள் இல்லை. இன்னும் நல்லது, துகளை நேரே பஃபரில் விட்டு, குறித்த நேரத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்நீரை எடுப்பது. பி.எச். 7.4ல் ஒன்று, தொற்றிய இடத்தின் அமிலத்தன்மைக்காக 5.5ல் ஒன்று. வாரக்கணக்கில் போகும் சோதனையில் 37 டிகிரியில் வான்கோமைசின் தானே சிதைந்து சி.டி.பி.-1 என்ற சிதைபொருள் ஆகும். 280 நானோமீட்டரில் அது வான்கோமைசினைப் போலவே உறிஞ்சும், ஆனால் பாக்டீரியாவைக் கொல்லாது. ஹெச்.பி.எல்.சி.யில் அதன் முகட்டைப் பிரித்துக் காட்டுங்கள், கூடவே ஒவ்வொரு வார மாதிரியையும் பாக்டீரியாவின்மேல் சோதியுங்கள்.

கிருமிநீக்கம்: ஆட்டோகிளேவ் பி.எல்.ஜி.ஏ.வைக் கட்டியாக்கும். 25 கிலோகிரே காமா அதன் சங்கிலியை வெட்டும், வெளியேற்றம் வேகமாகும். 200 நானோமீட்டர் துகள் 0.22 மைக்ரான் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். எனவே துகள் ஆவதற்கு முன்பே வடிகட்டுங்கள்: டைகுளோரோமீத்தேன் கரைசலை பி.டி.எஃப்.இ. சவ்விலும் நீர்க்கரைசல்களை பி.இ.எஸ். சவ்விலும் வடித்து, மீதியை லாமினார் ஹூடுக்குள் செய்யுங்கள். எண்டோடாக்சினுக்கு (காய்ச்சல் உண்டாக்கும் பாக்டீரியா நச்சு) எல்.ஏ.எல். சோதனை போடும்போது தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்திலாவது கைட்டோசான் பூச்சு மறுபடி சேர்த்தால் இதை விடவே விடாதீர்கள். நேர்மின் பரப்பு எண்டோடாக்சினை ஒட்டவைத்து மறைத்துவிடும், சோதனை சுத்தம் என்று சொல்லும், சோதனை விலங்கு காய்ச்சலில் விழும்.